வெளியில நிப்பாட்டிட்டு வா

பெல்ஜியம் முடிந்துவிட்டதாம். மகன் கேதீஸ் சொல்லித்தான் மனோன்மணிக்குத் தெரிந்தது. எல்லை என்று ஒன்று வரும், கம்பி இருக்கும், சீருடை போட்டவன் ஒருத்தன் குனிந்து முகத்தைப் பார்ப்பான் என்று அவள் கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு இருந்தாள், ஒன்றும் வரவில்லை. ஒரு நீலப் பலகை போனது, ரோட்டின் நிறம் கொஞ்சம் வெளிறியது, அவ்வளவுதான். இந்த நாடுகளுக்குள் எத்தனையோ தரம் போய் வந்தாயிற்று, இருந்தும் எல்லை என்றால் வயிறு ஒருமுறை இறுகும், அகதியாய் வந்த காலத்துப் பழக்கம். இன்றைக்கு அதுவும் இறுகவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு சொண்டு எப்படி இருக்கும், தன்னுடையதுதான், ஆனால் ஆரோ கொண்டுவந்து ஒட்டிவிட்டுப் போன மாதிரி, அப்படித்தான் மாசி மாதம் அவர், கேதீஸின் தகப்பன், கண்ணை மூடின நாள் தொடக்கம் முழு உடம்பும் இருக்கிறது. காலமை வெளிக்கிடும்போது குடித்த தேத்தண்ணி சுட்டதா ஆறிப்போயிருந்ததா என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. கோப்பை வெறுமையானது, ஆகவே குடித்திருக்கிறாள். அம்மாளாச்சி, என்று மனதுக்குள் கும்பிடத் தொடங்கினாள். தொடங்கினால் மற்றது தானாக வரும், சின்ன வயதிலிருந்து அப்படித்தான். இப்போது அம்மாளாச்சி என்ற சொல் மட்டும் வந்து வாசலில் நிற்கிறது, பின்னால் ஒருத்தரையும் கூட்டிக்கொண்டு வருவதில்லை.

“இனிப் பிரான்ஸ், அம்மா” என்றான் கேதீஸ். “ஜெர்மனியில புகைக்கு ஒட்டுற பச்சை ஸ்டிக்கர் இஞ்ச செல்லாது, விளங்குதோ. அங்க பச்சை ஒண்டுதான். இஞ்ச வட்டமா, நிறம் நிறமா, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு இலக்கம். பெல்ஜியத்தில ஸ்டிக்கரே இல்லை, சில நகரத்துக்க போறதெண்டா முதலே கம்ப்யூட்டரில பதியோணும். சுவிஸில ஒட்டுறது புகைக்கில்லை, ரோட்டுக் காசுக்கு.” ஓம் அப்பன், என்றாள் அவள். இதை அவன் வெளிக்கிட்ட பிறகு மூன்றாம் தரம் சொல்கிறான். அவனுக்கு வேலையே அதுதான், வாகனம் சோதிக்கிற இடத்தில் காரின் பின்குழாய்க்குள் கம்பியை விட்டு எவ்வளவு புகை வருகிறது என்று பார்ப்பது. வீட்டில் சாம்பிராணி போட்டாலும் ஒருக்கால் நிமிர்ந்து பார்ப்பான், அவர் சிரிப்பார், இஞ்சேரப்பா, உன்ர சுவாமியறைக்கு உவன் ஸ்டிக்கர் தரமாட்டான் போல கிடக்கு. அவர் சிரிக்கும்போது முதலில் தோள்தான் குலுங்கும். தோள். அந்தப் பெட்டிக்குள் தோள் இரண்டும் கொஞ்சம் ஒடுங்கி, கோட்டு பெரிதாகப் போய், வேண்டாம், அதற்குள் போகவேண்டாம். ரோட்டைப் பார். ரோட்டோரம் காற்றாடிகள் வெள்ளையாய் நிற்கின்றன, சில சுற்றுகின்றன, சில சுற்றவில்லை, ஒரே காற்றுத்தானே எல்லாவற்றுக்கும். கேதீஸ் சொன்னதில் அவளுக்கு வேண்டியது கடைசிச் சங்கதி மட்டும்தான், அதை அவன் இன்றைக்குச் சொல்லவில்லை, நேற்றைக்கே சொல்லியாயிற்று: இந்தக் காருக்குப் பிரான்சின் ஸ்டிக்கர் கேட்டு எழுதினவனாம், தபாலில் இன்னும் வரவில்லையாம், அது இல்லாமல் பாரிஸுக்குள் போகேலாதாம், ஆகவே நகரத்துக்கு வெளியில் ரெயில் பிடிக்கிற இடத்தில் ஒரு பெரிய கார் நிறுத்துமிடம் இருக்கிறதாம், அங்கே அவளை இறக்கிவிடுவானாம், மருமகன் றமணன் வந்து கூட்டிக்கொண்டு போவாராம். “அப்ப நீ?” என்று கேட்டதற்கு, “நான் காருக்குள்ள இருக்கிறன், பின்னேரம் ஏத்திறன்” என்றான். அவன் தங்கச்சி நிருபா பெற்ற பிள்ளைக்கு இன்றைக்கு முப்பத்தோராம் நாள், துடக்குக் கழிவு, முதல் பேரப்பிள்ளை, தாய்மாமன் வாசல் வரைக்கும் வந்து காருக்குள் இருப்பானாம். வாசல் வரைக்கும்கூட இல்லை. அவள் சரி அப்பன் என்றுதான் சொன்னாள். சரி என்று சொல்ல வாய்க்கு உணர்ச்சி தேவையில்லை.

ஸ்டிக்கர் கேட்டு எழுதினானா என்பதும் அவளுக்குத் தெரியாது. எழுதியிருப்பான், பொய் சொல்லுகிற பிள்ளை இல்லை, எழுதவேண்டிய நேரம் தாண்டி எழுதியிருப்பான். தாண்டட்டும் என்று விட்டிருப்பான். ஒரு தாய் இதையெல்லாம் யோசிக்கலாமா, யோசனை தானாகவே போய் அந்த இடத்தில் கொழுவிக்கொள்கிறது, சேலை கம்பியில் கொழுவுகிற மாதிரி, மெல்ல எடுத்துவிட்டால் அடுத்த அடியில் மறுபடி. அந்த இடம், அவர்கள் இருக்கிற வுப்பெற்றாலில் அவருடைய செத்தவீடு நடந்த மண்டபம். வெள்ளைப் பூ, மெழுகுதிரி, தேவாரம் பாட வந்த பெரியவர் தடிமன் பிடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். மண்டபம் நேரக் கணக்குக்குத் தருவது, நேரம் முடிந்தால் அடுத்த குடும்பம் வெளியில் நிற்கும், அவர்களுடைய பூவும் வந்து நிற்கும். பாரிஸிலிருந்து மகள் நிருபாவும் றமணனும் காலமை வெளிக்கிட்டு ஓடி வந்துகொண்டிருந்தார்கள். கேதீஸின் கையில் ரெலிபோன், அந்தப் பக்கம் நிருபா, மனோன்மணி பக்கத்திலேயே நின்றாள், ஒவ்வொரு சொல்லும் கேட்டது, கிணற்றுக்குள்ளிருந்து கேட்பது போல. “பச்சை ஸ்டிக்கர் இருக்கோ உங்கட காரில? இல்லையெண்டா உள்ளுக்க வராதேங்கோ, பிடிச்சா தண்டம். வெளியில நிப்பாட்டிட்டு வா. தொங்குரயில் இருக்கு, ஏறினா நேர இஞ்சதான்.” அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அது அம்மாளாச்சிக்குத் தெரியும். அப்பா செத்த அன்றைக்கும் சப்பாத்து லேஸை இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினவன் அவன். ஒரு நாளும் சிவப்பு விளக்கில் ரோட்டைக் கடக்காதவன், கேட்டதற்கு வாய் தானாகப் பதில் சொன்னது, ஆரும் வழி கேட்டால் சொல்லுகிற மாதிரி. நிருபா தொங்குரயிலில் வந்தாள். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள், வயிற்றில் பிள்ளை இருந்தது அப்போது ஒருத்தருக்கும் தெரியாது, செத்த வீட்டுக்குப் பிள்ளைத்தாய்ச்சி போகக்கூடாது என்று தடுப்பார்களோ என்று அவள் மறைத்து வைத்திருந்தாள். கதவு திறந்தபோது வெள்ளைக் கையுறை போட்ட மண்டபத்து ஜெர்மன்காரன் பெட்டி மூடியை வைத்து முடித்திருந்தான். மூடியாயிற்று என்றால் திறக்க மாட்டார்கள், அது அவர்களுடைய சட்டம். நிருபா மூடிக்கு மேலே இரண்டு கையையும் வைத்துக்கொண்டு தமையனைத் திரும்பிப் பார்த்தாள். அழவில்லை. “ஒரு கடதாசித் துண்டுக்காக” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதற்குப் பிறகு அண்ணன் தங்கச்சிக்கு நடுவில் ஒரு சொல்லும் இல்லை. பிள்ளை பிறந்ததைக்கூட அவள் அம்மாவுக்குத்தான் சொன்னாள், அம்மா அண்ணனுக்குச் சொன்னாள், அண்ணன் “ம்” என்றான், பிறகு குசினிக்குள் போய் நெடுநேரம் தண்ணியைத் திறந்து விட்டுக்கொண்டு நின்றான்.

காரின் முன்தட்டில் ரெலிபோன் அடித்தது. நிருபாவின் பெயர் வெளிச்சத்தில் வந்தது, தமிழில், கேதீஸ்தான் முந்தி எப்போதோ அப்படிப் பதிந்தது, அழிக்கவில்லை. அவன் ஒரு பொத்தானை அமத்தினான், கார் முழுக்க மகளின் குரல். “அம்மா, எவடத்தில நிக்கிறியள்?” “வந்துகொண்டிருக்கிறம் பிள்ளை. பிரான்சுக்கு வந்திட்டமாம்.” “சாப்பிட்டியளோ? இஞ்ச றமணன் ஐயரைக் கூட்டிக்கொண்டு வந்திட்டார், ஐயர் வந்த கையோட கோப்பி கேட்கிறார், எனக்கெண்டா ஆர் சுத்தப்படுத்த வந்தது எண்டே விளங்கேல்லை.” மனோன்மணி சிரிக்க வேண்டிய இடம் என்று கண்டு சிரித்தாள். கேதீஸின் முகம் ரோட்டைப் பார்த்தபடியே இருந்தது. பிறகு மகளின் குரல் கொஞ்சம் மாறியது, “அவர் வாறாரோ?” அண்ணா என்று இல்லை, அவர். “காருக்கு ஸ்டிக்கர் வரேல்லையாம் பிள்ளை, அதாலை அண்ணா…” அவளுக்கு அடுத்த சொல் வரவில்லை, அம்மாளாச்சி என்ற சொல் வந்து நிற்கிற இடத்திலேயே இதுவும் வந்து நின்றது. பிறகு நிருபா மெதுவாக, பிள்ளைக்கு ஏதோ விளங்கப்படுத்துகிற மாதிரி, “அப்ப வெளியில நிப்பாட்டிட்டு வரச் சொல்லுங்கோ. ரெயின் இருக்குத்தானே. நான் வந்தனான்தானே” என்றாள். அந்த நேரம் பார்த்துப் பின்னால் குழந்தை அழுதது. சின்னச் சத்தம், பூனைக்குட்டி போல, முதலில் ஒரு கீச்சு, பிறகு மூச்சுப் பிடித்து நீளமாக. கேதீஸின் கை ஸ்டியரிங்கில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாறியது. “பசிக்குது போல, வைக்கிறன் அம்மா” என்று நிருபா வைத்துவிட்டாள். அவன் ஏதாவது சொல்லுவான் என்று மனோன்மணி பார்த்துக்கொண்டிருந்தாள். “டீசல் இன்னும் காணும், அடிக்கத் தேவையில்லை” என்றான் அவன். கொஞ்ச நேரம் கழித்து, “ஆனாலும் ஒருக்கா நிப்பாட்டுவம்” என்றான்.

நிறுத்திய இடத்தில் லொறிகள் வரிசையாய் நின்றன. “தேத்தண்ணி வாங்கியரவோ? பாத்ரூம் போறியளோ?” “தேத்தண்ணி போதும் அப்பன்.” அவன் இறங்கி, கதவைச் சாத்தி, பூட்டியாயிற்றா என்று இழுத்துப் பார்த்து, உள்ளே அவள் இருக்கிறாள் என்பது நினைவு வந்து மறுபடி திறந்துவிட்டுப் போனான். தகப்பனின் நடை. அவருக்கு வலது கால் கொஞ்சம் வெளிப்பக்கம் போகும், இவனுக்கும் போகிறது. மனோன்மணி மடியில் இருந்த பையைத் திறந்தாள். பிள்ளை பெற்ற உடம்புக்கென்று நிருபாவுக்கு அரைத்த சரக்குத்தூள், பிள்ளைக்கு வசம்புக் காப்பு, காலமை சுவாமிக்குப் பொங்கிப் படைத்த புக்கை ஒரு சின்னப் பெட்டியில், அடியில் திருநீற்றுத் தகரம். அந்தத் தகரத்தைத் திறக்கவேண்டும் என்று நேற்று இரவு படுக்கும்போதே அவளுக்குத் தெரியும், கொண்டுவந்ததே அதற்குத்தான், ஆனால் திறப்பாளா என்பது தெரியாது. திருநீற்றுக்குள் புதைந்து ஒரு வட்டம். பிரான்சின் ஸ்டிக்கர். அவருடைய பழைய காரில் இருந்தது. உடைக்கிறவன் வந்து காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போக முதல்நாள், பிள்ளையார் படத்தைக் கழற்றப் போனவள், சுடுதண்ணித் துணி வைத்து ஊறப்போட்டு, நகத்தால் நுனியைக் கிளப்பி, மெல்ல மெல்ல இதையும் உரித்து எடுத்தாள். ஒரு விளிம்பு கிழிந்துதான் வந்தது. ஏன் எடுத்தாள் என்று அப்போது ஆரும் கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. அதை ஒட்டின அன்றைக்கு அவர் கண்ணாடிக்கு வெளியில் நின்று தலையைச் சரித்துப் பார்த்துச் சொன்னார், இஞ்சேரப்பா, காருக்குப் பொட்டு வைக்கிறது எங்கட சனம் மட்டும்தான் எண்டு நினைச்சன், இவங்கள் நாட்டுக்கொரு பொட்டெல்லே வைக்கிறாங்கள். சரியாக நடுவில் ஒட்டவும் தெரியாது அவருக்கு, சாய்த்துத்தான் ஒட்டினார். பொட்டுத்தானே. ஒரு நெற்றியில் இருந்ததை இன்னொரு நெற்றியில் வைத்தால் என்ன. அதுவும் டீசல் கார், இதுவும் டீசல் கார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினவள் என்றாலும் அவ்வளவு யோசித்துத்தான் வைத்திருந்தாள்.

பசை இல்லை. திருநீறு ஏறி ஒட்டும் தன்மை செத்துவிட்டது. அவள் புக்கைப் பெட்டியைத் திறந்து இரண்டு சோற்றை எடுத்து விரலில் வைத்து நசித்தாள், பள்ளிக்கூடக் காலத்தில் கொப்பிக்கு உறை போட்டது சோற்றாலதானே, சர்க்கரை சேர்ந்திருந்தபடியால் இன்னும் பிசுபிசுத்தது. ஓரத்தில் மட்டும் சுற்றிப் பூசினாள், நடுவில் பட்டால் நிறம் மறையும். கைகள் செய்துகொண்டிருந்தன, அவள் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் இரண்டுக்கும் இந்தக் கைதான் சோறு பிசைந்தது, ஒரு கவளம் அவனுக்கு, ஒரு கவளம் அவளுக்கு, அண்ணாவுக்குப் பெரிசு அம்மா, இல்லையடி உனக்குத்தான் பெரிசு, சண்டை. கேதீஸ் தன் கவளத்தைப் பாதியாய்ப் பிய்த்து தங்கச்சியின் தட்டில் போடுவான், சட்டம் பேசிக்கொண்டே போடுவான், இனிக் கேட்கக்கூடாது, இதுதான் கடைசி. அம்மாளாச்சி. காரின் முன்கண்ணாடியில், தன் பக்கத்துக் கீழ் மூலையில், வட்டத்தை வைத்து அமத்தினாள். சாய்ந்துவிட்டது. நேராக்கப் பார்த்தாள், பிறகு அப்படியே விட்டாள்.

கேதீஸ் இரண்டு கடதாசிக் கோப்பையோடு வந்து ஏறினான். “கவனம், சுடும்.” அவள் வாங்கிக்கொண்டாள். பட்டியைப் போடப் போனவன் கண்ணாடி மூலையைக் கண்டு கையை நிறுத்தினான். “என்னம்மா இது?” “பிரான்சின்ர ஸ்டிக்கர்.” “எங்கால?” “அப்பாவின்ர காரில இருந்தது. கழட்டி வைச்சிருந்தனான்.” அவனுக்குக் கோபம் வரவில்லை, அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது, கார் சோதிக்கக் கொண்டுவருகிற கிழவிகளுக்கு விளங்கப்படுத்துகிற குரல் வந்தது. “அம்மா, இது அந்தக் காருக்குக் குடுத்தது. ஒவ்வொரு காருக்கும் வேற வேற. இதை இதில ஒட்டினா களவு. இல்லாமல் போறதைவிடப் பெரிய பிழை.” “அதுவும் டீசல்தானே தம்பி.” “அம்மா.” அவன் அவளுக்குக் குறுக்கே சாய்ந்து, நகத்தை ஓரத்தில் வைத்தான். காயாத பசை, சுலபமாக எழும்பியது. பாதி எழும்பியபோது அவனுடைய கை நின்றது. “என்னத்தால ஒட்டினனீங்கள்?” “புக்கையால. காலமை படைச்சது.” அவன் விரலை மூக்கருகில் கொண்டுபோய், சர்க்கரை மணம் பார்த்து, ஒரு சிரிப்புப் போல ஏதோ செய்தான். பிறகு வட்டத்தின் உள்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அதிகநேரம் பார்த்தான். “நம்பர் கிடக்கு” என்றான். “என்ன நம்பர்?” “கார் நம்பர். அப்பாவின்ர.” அவள் பைக்குள் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டாள். மிகச் சின்ன எழுத்து, இத்தனை காலம் திருநீற்றுக்குள் கிடந்தும் அழியாத எழுத்து. வுப்பெற்றாலின் எழுத்து ஒன்று, பிறகு கே, பிறகு எம், பிறகு எண்பத்திரண்டு. குலசிங்கம், மனோன்மணி, கலியாணம் கட்டின வருசம். எல்லாருக்கும் வருகிற இலக்கம் வேண்டாம், கேட்டு வாங்குவம் என்று அவர் மேலதிகக் காசு கட்டி எடுத்த இலக்கம், அவள் அப்போது வீண்செலவு என்று ஏசினாள். அது இதிலும் எழுதியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. கேதீஸின் தோள் குலுங்கியது. முதலில் தோள்தான். சிரிக்கிறானாக்கும் என்று அவள் நினைத்தாள், பிறகு இல்லை என்று கண்டு, தான் பார்ப்பது அவனுக்குப் பிடிக்காது என்று நேரே பார்த்துக்கொண்டிருந்தாள், லொறிகளை, ஒரு லொறிக்காரன் படியில் இருந்து பாண் சாப்பிடுவதை. செத்தவீட்டிலும் அவன் அழவில்லை. செய்யவேண்டிய எல்லாவற்றையும் செய்தான். அவளுடைய கண் காய்ந்துதான் கிடந்தது. ஆனால் கோப்பையைப் பிடித்திருந்த உள்ளங்கை சுட்டது. அவள் கையை மாற்றிப் பிடித்தாள்.

அவன் ஸ்டிக்கரை முழுதாக உரித்து எடுத்தான். பிசைந்த சோற்றைத் துடைத்து, இரண்டாக மடிக்காமல், சட்டைப் பைக்குள் வைத்தான். “பொய்யை ஒட்டிக்கொண்டு போகேலாது, அம்மா” என்றான். சரி அப்பன், என்றாள் அவள், வாய் தானாகச் சொன்னது. அவ்வளவுதான், இனி அந்தப் பெரிய நிறுத்துமிடம், றமணன் வந்து பையை வாங்குவார், இவன் காருக்குள் இருப்பான், நிருபா வாசலில் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போவாள், இன்னொரு மூடி வந்து இறங்கும், அதையும் ஒருத்தரும் திறக்கமாட்டார்கள். கார் ரோட்டில் ஏறியது. கண்ணாடி மூலையில் பசை காய்ந்து ஒரு வட்டக் கோடு மட்டும் கிடந்தது, நடுவில் ஒன்றும் இல்லை, நடுவால் வானம் தெரிந்தது. வீடுகள் நெருங்கி வந்தன. உயரமான மாடிகள், மாடிகளில் காயப்போட்ட துணி. முன்னால் நீலப் பலகையில் வெள்ளையாகப் பெரிய பி எழுத்து, அந்தக் கார் நிறுத்துமிடம், அதற்கு அம்பு, பிறகு மறுபடி ஒன்று, இன்னும் கிட்ட. அவள் கண்ணை மூடவேண்டும் என்று நினைத்தாள், மூடவில்லை. அம்மாளாச்சி. திரும்புவதற்கான விளக்கு டிக் டிக் என்று அடிக்கும், அவன் நூறு மீற்றருக்கு முதலே போடுகிறவன், அந்தச் சத்தத்துக்காக அவள் காத்திருந்தாள். பலகை வந்தது. பலகை அவளுடைய பக்கத்தால் போனது. விளக்கு அடிக்கவில்லை. முன்னால் ரோட்டுக்கு மேலே வேறொரு பலகை, கார்ப் படமும் அந்த நிற வட்டங்களும் போட்டு, அதையும் கார் தாண்டியது, எல்லை மாதிரி, ஒன்றும் நடக்காமல். அவள் வயிறு ஒருமுறை இறுகியது.

“தண்டம் வந்தா வரட்டும்” என்றான் கேதீஸ், ரோட்டைப் பார்த்தபடி. கொஞ்சத் தூரம் போன பிறகு தொண்டையைச் செருமினான். “அம்மா, தங்கச்சிக்கு எடுத்துக் கேளுங்கோ, வாசலடியில கார் நிப்பாட்ட இடம் கிடக்கோ எண்டு.”